வரியில் பெயர் இருந்தது

கடப்பாக்கம்
ஐப்பசி 24, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி அரசுவுக்கு,

அக்கா ரத்னா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் என் வீட்டுக்காரர் காதில், உன் மாமா காதில் விழும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, புதன்கிழமை அங்கே வரும் குமாரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

போன செவ்வாய்க்கிழமை கடலில் காற்று அடித்து மாமாவும் எல்லப்பனும் போன படகு கவிழ்ந்ததை, சின்ன விபத்து என்றுதான் உன்னிடம் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் நம் மீனவர் தகவல் மையத்தில் நீ வைத்துக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டர், காற்று எச்சரிக்கை வந்தால் தானே ஒலிபெருக்கியில் வாசிக்கும். நான் மையத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசிக்கும். மூன்று வருஷமாக ஊரே அந்தக் குரலை நம்பித்தான் கடலுக்குப் போகிறது. குரல் வரவில்லை என்றால் காற்று இல்லை என்று அர்த்தம்.

மழைக்காலம் தொடங்கியதும், அந்தப் பேசும் மென்பொருள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். dpkg -l என்று அடித்து அதன் பெயரைப் போடச் சொன்னாய். போட்டேன். ஒரு வரி வந்தது, அதில் பெயர் இருந்தது. இருக்குதுடா என்று உனக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மகள் பிரியங்காவின் சான்றிதழுக்காகச் செய்யூர் போயிருந்தேன். நாலரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. ஓடிப்போய் மையத்தைத் திறந்தால் திரையில் எச்சரிக்கை நிற்கிறது. ஒன்றரை மணிக்கே வந்திருக்கிறது. ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. மூன்று மணிக்கு ஐந்து படகும் போய்விட்டன.

எல்லப்பன் பெண்சாதி முனியம்மா, வானம் சரியில்லை என்று அவனைத் தடுத்தாளாம். மைக்குல ஒண்ணும் சொல்லலியே, அப்பறம் இன்னா பயம் உனுக்கு என்று சிரித்துவிட்டுப் படகைத் தள்ளினானாம். கரையில் நின்று அதை அவள் என்னிடம்தான் சொன்னாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நாலு படகு திரும்பி வந்தது. இவர்கள் படகு ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் முகத்துவாரத்தில் புரண்டுவிட்டது. மாமா படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். எல்லப்பனைத் தூக்கி வரும்போது அவன் வாயில் நுரை தள்ளியிருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை முனியம்மா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் காலைத் தேய்த்துக்கொண்டே போனேன். அந்தச் சில்லிப்பு இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. பிழைத்துவிட்டான். ஆனால் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. இனிமேல் தொழிலுக்குப் போகலாமா என்று கேட்டால், முதலில் மூச்சு சீராகட்டும் என்கிறார் டாக்டர்.

மறுநாள் அதே கட்டளையை மறுபடி அடித்தேன். பெயருக்கு முன்னால் rc என்று இருந்தது. மற்ற மென்பொருள் எதைக் கேட்டாலும் ii என்று வருகிறது. நெட்டில் தேடிப் படித்தேன். ii என்றால் இருக்கிறது. rc என்றால் எடுத்தாகிவிட்டது, அதன் அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சம். யார் எடுத்தது என்று போன மாதப் பதிவுக் கோப்பைத் திறந்தேன். அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நீ அங்கிருந்தே உள்ளே வந்து வேண்டாததை எடுத்த நாள். எடுக்கச் சொன்னவர் என்ற இடத்தில் உன் பெயர்.

மூடிவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை.

மென்பொருளை நானே திரும்பப் போட்டுவிட்டேன், பேசுகிறது. எனக்குத்தான் பயம் போகவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை அடித்துப் பார்க்கிறேன். ii என்று வந்தாலும், ஒருமுறை பேசவைத்துக் காதால் கேட்டால்தான் மூச்சு வருகிறது. சோறு வடிக்கும்போது காற்றில் கதவு அடித்தால் கஞ்சியைக் கொட்டிக்கொள்கிறேன். நேற்று மாமா வலையை எடுத்துப் பிரித்தார். கடலுக்கா என்று கேட்கப் பயந்து அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்க்கூட்டம். ஒலிபெருக்கி ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள். நான் பார்க்காமல் விட்டதை நான் சொல்வேன். உன் பெயரை நானாக எடுக்க மாட்டேன், நேராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். முனியம்மா எதிரில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்துக்கு நீயே போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லு தம்பி. நீ வாய் திறந்தால் போதும், மீதியை நான் உன் பக்கத்தில் நின்று தாங்கிக்கொள்வேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. நம் சாமி கன்னியம்மா உனக்குத் துணை இருக்கட்டும், எல்லப்பனுக்கும்.

உன் அக்கா,
ரத்னா