தம்பி வண்டியில் கரண்டு போன வழி

வல்லத்திராக்கோட்டை,
18.5.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஷர்லிக்கு அப்பாவின் ஆசீர்.

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். நீ அங்கே மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணயர்ந்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். நாள் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போன் என்றால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடுங்க என்கிறாள், அவள் காதில் இப்போதைக்கு விழக்கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோவேன், எனக்கே தெரியும். உன்னோடு பள்ளியில் படித்த சத்யபிரியா லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் வரும், உப்பு கொஞ்சம் தூக்கல்தான், இப்போதெல்லாம் அவள் ஒரே பண்டத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள், நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தால் நேரே கார் ஷெட்டுக்குப் போய் தம்பி வண்டியைத் துடைக்கிறாள், அதற்குப் பிறகுதான் காப்பி. அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

ஜனவரி இருபதாம் தேதி உன் தம்பி நிலவழகன் உன்னை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் அசதியாக இருக்கிறது என்று இரண்டு நாளும் சவாரி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பது வயது. நீ போய் இறங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை, மறுபடி லீவு தரமாட்டோம் என்றார்கள், கல்லறையில் மண் போட்டதை நீ போனில் பார்த்தாய். அன்றைக்குப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். என் கை ஆடியதால் உனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று அப்புறம் அழுதாய், அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

முதல் வருடப் பூசை முடிகிற வரைக்கும் அந்த வண்டியை யாரும் ஓட்டக் கூடாது, விற்கவும் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சரி என்றேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து சாவியைப் போட்டுத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை, பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. மகன் விட்டுப்போனது இது ஒன்றுதான், இதையும் சாகவிடுவதா என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. புதுக்கோட்டையில் கார் வயரிங் கடை வைத்திருக்கிற நல்லதம்பியைக் கூப்பிட்டேன். அவர் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். டெர்மினலில் பூத்திருந்த பச்சையையெல்லாம் சுரண்டி எடுத்தார். பத்து நாளில் மறுபடி இறங்கிவிட்டது. பழைய பேட்டரி அண்ணே என்றார், புதிது போட்டோம். அதுவும் பத்து நாள் தாங்கவில்லை. டைனமோவில் குறையோ என்று இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார், பதினாலு வோல்ட் சுத்தமாக வந்தது. அப்போதே அவர், "அண்ணே, தம்பி வண்டில எக்ஸ்ட்ரா ஏதாச்சும் மாட்டிருந்தாங்களா, நல்லா நெனச்சுப் பாருங்க" என்று கேட்டார். ஒன்றும் கிடையாது என்று, உன் அம்மாவைக்கூடக் கேட்காமல், அடித்துச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? அந்த வண்டி வாங்கிய இரண்டு வருடத்தில் நான் ஒருநாள் அதில் ஏறியிருப்பேனா? டிப்ளமோ படிக்க வைத்தேன், என்னைப் போல மின்வாரியத்தில் உட்காருவான் என்றிருந்தேன், அவன் பழைய வண்டி ஒன்றை வாங்கி அறந்தாங்கிப் பக்கத்து வளைகுடாக்காரர்களை ஏர்போர்ட்டுக்கு ஏற்றி இறக்கினான். டிரைவர் வேலைக்கா படிக்க வைத்தேன், இதில் நான் ஏறமாட்டேன் என்று சொன்னவன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக, வாசலில் அவன் வண்டி நிற்கும்போதே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அவன் பஸ் ஸ்டாப் வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைப்பான். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

முப்பத்து மூன்று வருடம் மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறியவன், எனக்குத் தெரியாத கரண்டா என்ற திமிர் வேறு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக லைன் இழுத்து இன்னும் யாருக்கும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை என்றாலும் அதில் கரண்டு ஏற்றி வைத்துவிடுவோம், இல்லையென்றால் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஐடில் சார்ஜ் என்போம். உபயோகம் இல்லாவிட்டாலும் உயிரோடு வைத்திரு என்பதுதான் கணக்கு. அந்தப் புத்தியில் தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய், அவன் சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினை அரைமணி நேரம் சும்மா ஓடவிட்டேன். நல்லதம்பி, "நின்ன எடத்துல ஓடுனா அவ்வளவா ஏறாதுண்ணே, ரோட்டுல ஓட்டணும்" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் பேட்டரிக்காக மட்டும் இல்லை, அவன் இருக்கிறபோது உட்காராத இடத்தில் அவன் போனபிறகு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்படியும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்க இறங்க நான் நல்லதம்பியைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் போனது.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கே பொறுக்கவில்லை. எங்கேயோ கரண்டு கசிகிறது, இன்றைக்குப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார், கதவெல்லாம் சாத்தி அரைமணி நேரம் வண்டியைத் தூங்கவிட்டார். எல்லாம் அடங்கிய பிறகும் மீட்டர் நானூறு மில்லி ஆம்பியர் காட்டியது, ஐம்பதுக்கு மேல் போகக் கூடாதாம். அப்புறம் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஆறாவதைப் பிடுங்கியதும் மீட்டர் தடாலென்று இறங்கியது. அந்த ஃபியூஸிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று முன்கண்ணாடி ஓரத்து ரப்பருக்குள்ளே ஏறி, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்புறம் போயிருந்தது. அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. வண்டி நிற்கும்போதும் எதிரே ஆடு மாடு அசைந்தால் பதிகிற மாதிரி தம்பியே மாட்டியிருக்கிறான். ஒயர் போட்டிருந்த நேர்த்தியைப் பார்த்து நல்லதம்பி, "கை சுத்தமான வேலைண்ணே, ஒங்க பிள்ளைல்ல" என்றார். நான் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் அம்மா காப்பி கொண்டுவந்தவள் கேமரா என்ற சொல்லைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அதுல ரோடு மட்டும் இல்ல, உள்ள நாம பேசுறதும் பதியும்னு தம்பி சொல்லிருக்கான். அப்ப ஏர்போர்ட்டுக்குப் போறப்ப ஷர்லியும் அவனும் பேசுனது அதுல இருக்குமுல்ல? எம்புள்ள கொரலு இருக்குமுல்ல?" என்றாள். ஜனவரிக்கு அப்புறம் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை ஷர்லி. கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு நல்லதம்பியோடு அவர் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் போட்டார். எதைத் திறந்தாலும் நம் வீட்டு ஷெட் சுவர். ஒவ்வொன்றிலும் இன்ஜின் சத்தம், நடுவில் ஓர் இருமல். அது என் இருமல். பழையது எங்கே, ஜனவரி எங்கே என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டிச் சொன்னார். கார்டு நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் பதியுமாம். "ஏர்போர்ட் போயிட்டு வந்தப்புறம் வண்டி ஓடலேல்லண்ணே. மொதல்ல பேட்டரி எறங்கிக் கெடந்தப்ப அது அப்படியேதான் இருந்திருக்கும்" என்றார். கார்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

வண்டி செத்துக் கிடந்தவரைக்கும் உன் தம்பி பேச்சு அதில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதைப் போட்டு உயிர்ப்பித்து உயிர்ப்பித்து, தினமும் அரைமணி நேரமாக என் இருமலை அதன்மேல் பதிந்து அழித்தவன் நான். யாரும் செய்யவில்லை, பேட்டரி செய்யவில்லை, நான்தான். அவன் என்ன மாட்டியிருக்கிறான் என்று ஒரு தடவையாவது வண்டியில் ஏறிப் பார்த்திருந்தால் நல்லதம்பி கேட்ட அன்றைக்கே சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொய் சொன்னேன், கார்டு திறக்கவில்லை, திருச்சியில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று. தினமும் கேட்கிறாள், திருச்சிக்காரர் போன் பண்ணினாரா என்று. நான் இல்லை என்கிறேன். கேமரா ஒயரைக் கழற்றிவிட்டோம், பேட்டரி இப்போது இறங்கவே இல்லை. எதற்கு என்று இருக்கிறது.

அம்மாடி, அந்த ஒன்றரை மணி நேரம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ அதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், எழுது. வீட்டு வாசலில் கதவைச் சாத்தியதிலிருந்து என்ன பேசினான், கீரனூரில் டீ குடித்தீர்களா, எதற்குச் சிரித்தான், பாட்டுப் போட்டானா, ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிவிட்டு என்ன சொன்னான், எல்லாம் எழுது. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்கிறது என்று உன்னிடம் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதே, யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன், நீயும் உன்னையே சொல்லிக்கொள்ளாதே. என்னைப் பற்றி ஏதாவது பேசினானா? திட்டியிருந்தாலும் அப்படியே எழுது. ஒன்றுமே பேசவில்லை என்றால் அதையும் எழுது, எனக்காக எதையும் சேர்த்து எழுத வேண்டாம். உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் செய்ததை அம்மாவிடம் சொல்லிவிடுவேன், அதற்கு மேல் ஒருநாள்கூட மறைக்கமாட்டேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காக்கட்டும், மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ஏதாவது நெஞ்சுவலி, படபடப்பு என்றால் அசதி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார், இது அப்பாவின் உத்தரவு. சத்யபிரியா ஆகஸ்டில் வருவாளாம், அதுவரைக்கும் காத்திருக்காதே, தபாலிலேயே போடு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அவன் போறேன் என்று சொல்லியிருந்தால் போறேன் என்றே அவன் வார்த்தையில் எழுது, திருத்தி எழுதாதே. போனில் என் குரலைக் கேட்டு நீயே எத்தனை தடவை தம்பி குரல் என்று நினைத்துப் பேச்சை ஆரம்பித்திருக்கிறாய். அம்மாவுக்கு நான்தான் அவன் பேசியதை வாசித்துக் காட்டப்போகிறேன்.

உன் அப்பா,
சூ. ஆரோக்கியதாஸ்