ஆள்காட்டி கத்தாத ஆள்

கோபக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏரியோரத்து நிலத்தில் கோடை உழவு முடிந்தது. ஆள்காட்டிக் குருவி தரையில் கூழாங்கல் போல முட்டையிட்டிருக்கும் இடத்தை மட்டும் உழவில்லை. டிராக்டர் ஓட்டிய வினோத்குமார், "இன்னாண்ணா, நடுவுல தீவாட்டம் வுட்டுகினு கீற?" என்று சிரித்தான்.

"அது எம் பொண்டாட்டியோட எடம்டா" என்றேன்.

நீ எடுத்த படங்களை நேற்றுதான் நிதானமாகப் பார்த்தேன். குருவி கால்வாயில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்காருகிறதே, அடேயப்பா! இறகு நுனியில் தொங்கும் சொட்டுகூடத் தெரிகிறது. நீ ஏதோ கூழாங்கல்லைப் படம் பிடிக்கிறாய் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்! அந்த வெயிலில் எப்படித்தான் அசையாமல் இருந்தாயோ.

நீ செய்தது போலவே உன் பழைய புடவையைக் குச்சிகளில் மறைப்பாகக் கட்டி, நானும் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். குருவி கத்தி ஊரையே கூட்டிவிட்டது. ஆளைக் காட்டிக்கொடுப்பதுதானே அதன் பிழைப்பு. உன்னை மட்டும் அது ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. தன் வீட்டு ஆளாகவே சேர்த்துக்கொண்டுவிட்டது போல.

இன்னும் குஞ்சு பொரிக்கவில்லை. உத்திரமேரூர் பஸ்ஸை விட்டிறங்கி யார் நம் வரப்பில் கால் வைத்தாலும், அது கத்துவது வீடுவரை கேட்கிறது. நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. வந்தது நீ இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

பஸ் போன பிறகும் சத்தமே இல்லை என்றால்தான், வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்