வேதியியலில் ஓர் இடம்

சென்னை,
16.7.86

அன்புள்ள மாமாவுக்கு கோமளா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நம் பாப்பாவும் சுகமா? இண்டூரில் மழை உண்டா? நான் நலம்.

எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு விண்ணப்பித்திருந்தேனே, நேற்று நேர்காணல். பேராசிரியர், "கைக்குழந்தை இருக்கே, எப்படிம்மா படிப்பீங்க?" என்றார். பதற்றத்தில் நம்மூர்ப் பேச்சு வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு பாத்துக்குவாருங்க. அப்ளிகேசன் வாங்கியாந்ததே அவருதானுங்க!"

உங்களைப் பற்றி இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது மாமா! மருந்துக் கம்பெனி வேலையை இம்மாதத்தோடு விடுகிறேன்.

கொஞ்சம் புளி கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். பாப்பாவுக்குக் கவுன் தைக்க அளவுச் சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

உங்கள்,
கோமளா