கிணற்று உப்பு

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் படி. நல்ல செய்திதான்.

யமாஸ்கா ஆற்றங்கரையில் நம் வீடு நிற்கும் களிமண், பனிப்பாறைகள் விலகியபோது புகுந்து பிறகு வற்றிப்போன கடலின் அடிமண். மழைநீர் அதன் உப்பைக் கழுவிவிட்டால் கஞ்சியாகச் சரிந்து ஓடிவிடும், வீட்டைக் காலி செய் என்று போன வருடம் சொன்னேன். "அப்பா கட்டின வீட்டைவிட உன் மண்ணியல் பட்டம் பெருசாக்கா?" என்று கதவைச் சாத்தினாய். அதன்பின் பேசவே இல்லை.

சென்ற மாதம் நீ சந்தைக்குப் போயிருந்தபோது வந்து, துளையிட்டு மண் எடுத்தேன். உன் மனைவி கிஸ்லேன்தான் அனுமதித்தாள், அவளைக் கோபிக்காதே. இரண்டு முறை சோதித்துவிட்டேன், என்னை உனக்குத் தெரியுமே. உப்பு இன்னும் மண்ணிலேயே இருக்கிறது. வீட்டுக்கு ஆபத்தில்லை.

தொலைபேசியில் சொன்னதும் கிஸ்லேன் விழுந்து விழுந்து சிரித்தாள். "கிணத்துத் தண்ணி கரிக்குதுன்னு இருபது வருஷமா என் பட்டாணி சூப்பைக் குறை சொன்னீங்களே அண்ணி, அதைக் கண்டுபிடிக்க மிஷின் வேற வேணுமா?"



ஞாயிறு மதியம் வருகிறேன். கதவைத் திறந்து வை. சூப் எவ்வளவு கரித்தாலும் இரண்டு கிண்ணம் குடிப்பேன்.

பிடிவாதத்தில் உனக்குச் சளைக்காத,
அக்கா