நாற்பத்தொரு காகித மடிப்புகள்

திங்கள், நவ. 9

காலையில் தூறல். ஏழரைக்கு நின்றது. சைக்கிள் டியூப் மறுபடி ஓட்டை. மண்ணரைக்கு நடை.

பனியன் கம்பெனி வாசல். வேலைநிறுத்தம் பன்னிரண்டாம் நாள். நீக்கிய ஏழு பேரையும் திரும்பச் சேர்க்கும்வரை ஒரு மூட்டை வெளியே போகாது என்கிறார்கள். ஒன்பது பத்துக்கு லாரி. வாசலில் மறித்து உட்கார்ந்திருந்தவர்கள் சுமார் அறுபது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இதை உறுதியாக எழுதலாம், பத்தடியில் நின்றேன்.

காயம்:
— வேலுச்சாமி, கட்டிங் பிரிவு, 26. பின்சக்கரம் இரண்டு தொடை மீதும். ஆஸ்பத்திரி.
— செக்கிங் பிரிவுப் பெண். செயின் அடி. முன்பல் மூன்று. பெயர் சொல்ல மறுத்தாள்.
— கம்பெனி கூட்டிவந்த வெளியூர் அடியாட்கள் எட்டுப் பேர். எல்லார் கையிலும் சைக்கிள் செயின். ஒருவனுக்குக் காது பாதி தொங்கியது. கடித்தது யார், தெரியவில்லை.
— வாட்ச்மேன். பிளீச்சிங் ஆசிட். கழுத்து, இடது தோள். ஜாடியை வீசியவர் யாரென்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

பதினொன்றரைக்குப் பத்திரிகைக்குத் தந்தி. கோவை ஆபீஸில் காது சேதியை வெட்டிவிடுவார்கள்.

மதியச் சாப்பாடு தங்கை ராமாத்தாள் வீட்டில். கொள்ளுப் பருப்பு. என் சட்டையில் ரத்தம் இருப்பதை அவள்தான் காட்டினாள். என்னுடையதல்ல.

அவள் கணவர் நாச்சிமுத்து, ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஊசித்தட்டான்களோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் துணி இழை எண்ணும் கண்ணாடி. கம்பெனியில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். "அடப்பாவமே" என்றார். பிறகு ஒரு இறக்கையை என் பக்கம் நகர்த்தினார்.

"பின் ஓரத்தெ ஒட்டி ஒரு நரம்பு ஓடோணும் மச்சான். இதுக்கு இல்ல."

"சரிங் மாப்ள."

"தென் அமெரிக்காவுல ஒரு பூச்சி. அதுக்கும் அந்த நரம்பு இல்ல. ரெண்டுக்கும் இல்லீன்னு ஒரே குடும்பத்துல போட்டுட்டாங்க. இல்லாதத வெச்சு எப்புடீங் சொந்தம் சொல்லறது? அப்பிடிப் பாத்தா மொட்டத் தலையனெல்லாம் பங்காளியா?"

என் தலையைப் பார்த்துவிட்டு ராமாத்தாள் சிரித்தாள்.

அவர் வாதம், எனக்குப் புரிந்த அளவில்: பறவைக்கு முன்பே பறந்த தட்டான்கள் கல்லில் படிந்து கிடைக்கின்றன. அவற்றின் படங்களைக் கோவைக் கல்லூரியில் மெழுகுத்தாள் வைத்து நகலெடுத்திருக்கிறார். கல்லில் பெரும்பாலும் இறக்கைதான் மிஞ்சும். அதனால் உலகமே இறக்கை நரம்பை எண்ணித்தான் குடும்பம் பிரிக்கிறது, கல்லில் இருப்பதையும் உயிரோடு இருப்பதையும். "உசுரோட இருக்கறதுக்குக் காலு இருக்குதல்லங்? அதெப் பாத்தா என்ன?" நம் வாய்க்காலில் திரியும் இந்தக் கறுப்பு ஊசிக்குக் காலில் நீள முள் வரிசை, அகலத் தலை. இரண்டும் வேறொரு குடும்பத்தின் அடையாளம். நரம்பு பிற்பாடு தொலைந்தது, இங்கே தனியாக, அங்கே தனியாக. கால் முழுசாக உள்ள பூச்சிகளைக் கல்கத்தா நிபுணருக்கு மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். எட்டு வருட வேலை.

பூச்சிகளை முக்கோணமாக மடித்த காகிதத்தில் உயிரோடு வைப்பார். வயிறு காலியாகிச் செத்தால்தான் அழுகாதாம். மேஜைமேல் சரசரவென்று சத்தம். மடிப்பின் வெளியே இடம், நேரம், எண்ணிக்கை: 'வீரபாண்டி வாய்க்கால், கா. 9, ஆண் 6, பெண் 2'. எல்லாம் பனியன் அட்டைப் பெட்டியில் அடுக்கு; போகும் இடமெல்லாம் கூடவே கொண்டுபோவார்.

காகிதம் நான் கொடுத்தது. ஆடியில் கம்பெனி மேனேஜர் ஒரு கட்டுத் தந்தார். விலாசம் மாறி வீணான கடிதத் தாள், தலைப்பில் மான் படம். வாங்கியிருக்கக் கூடாது. வாங்கி, வீட்டில் வைக்கக் கூசி, இவரிடம் தள்ளிவிட்டேன். பழைய மடிப்புகளையும் இதிலேயே மாற்றிவிட்டார்.

செவ்வாய், நவ. 10

வெயில். டியூப் ஒட்டியாயிற்று.

வேலுச்சாமிக்கு வலது காலை எடுத்துவிட்டார்கள். பேச்சில்லை.

வீரபாண்டி டீக்கடை. பக்கத்துப் பெஞ்சில் வேலைநிறுத்தக்காரர்கள் இருவர்.

"வலையக் கைல புடிச்சுட்டு ஒருத்தன் வாய்க்கா மேல திரியறானுங்."

"பூச்சி புடிக்கறவனா இருக்கும்."

"பூச்சிக்கு எதுக்குங் நோட்டு? எத்தன ஆம்பள, எத்தன பொம்பளைன்னு எழுதறான். நான் பொறத்தால நின்னு பாத்தன்."

"வெள்ளச் சட்டையா?"

"வெள்ளச் சட்டதான்."

சிரிப்பை அடக்கி டீயைக் குடித்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

மாலை அங்கே போனபோது வேறு பேச்சு. ஊசித்தட்டான் குஞ்சுகள் இரண்டைக் கண்ணாடி டம்ளர் நீரில் வளர்க்கிறார். ஒன்றன் கீழுதடு கைபோல் மடிந்து கிடந்தது. கண் இமைப்பதற்குள் நீண்டு மற்றதன் கழுத்தைப் பிடித்தது. தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. கால்கள் கடைசிவரை உதைத்தன. ராமாத்தாள்: "கூடப் பொறந்ததையா திங்குது?" மாப்பிள்ளை: "பசிக்குது, திங்குது." டம்ளரை அவள் ஜன்னலுக்கு வெளியே கவிழ்க்கப் போனாள். அவர் பிடுங்கிக்கொண்டார்.

டீக்கடை விஷயம் சொல்லவில்லை. மறதி.

புதன், நவ. 11

வேலுச்சாமி காலை ஐந்தே முக்காலுக்கு இறந்தான்.

ஊர்வலம் பத்து மணிக்கு. இரண்டாயிரம் பேர் என்றது சங்கம், ஐந்நூறு என்றது போலீஸ். என் கணக்கு ஆயிரத்து நூறு. கல் பறந்தது. கம்பெனிக் கண்ணாடி ஜன்னல் ஒன்று விடாமல் நொறுங்கியது. தடியடி. கிழவர் ஒருவர் மண்டையிலிருந்து ரத்தம் வேட்டிவரை. அவர் ஊர்வலத்தில் வந்தவர்கூட இல்லை, உப்பு வாங்க வந்தவர்.

தகனம் பன்னிரண்டரைக்கு. நான் தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். கூட்டம் சுடுகாட்டிலிருந்து வாய்க்காலுக்கு முழுகப் போனது.

அங்கே மாப்பிள்ளை.

இன்று அரைநாள் பள்ளி. சாவு தெரியாது. நீர்ப்புல்லில் முட்டையிடும் ஜோடிக்காக முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி. அழுதுகொண்டு தலை முழுக வந்தவர்கள் கரையில் பெட்டியைப் பார்த்தார்கள். மடிப்பின்மேல் எழுத்து: இடம், நேரம், ஆண் இத்தனை, பெண் இத்தனை. மறியல்காரர்கள் கூடும் இடங்களேதான், கூடும் நேரமேதான். மடிப்பின் ஓரத்தில் கம்பெனி மான்.

பார்த்த தோட்டக்காரர் சொன்னது: "மொதல்ல வலைக்கம்பாலயே அடிச்சாங்க. அது முறிஞ்சதுங். பொறவு கல்லு. எழுதுன கையெப் பாறைமேல வெச்சுக் குத்துனாங்க. 'ஆம்பள எத்தனடா, பொம்பள எத்தனடா, எண்ணுடா'ன்னு. அவரு எண்ணுனாருங். பாவம், நெசமாவே எண்ணுனாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது ஈரப் புல்லில் கிடந்தார். பெட்டி இல்லை.

வியாழன், நவ. 12

மூட்டம். ஆஸ்பத்திரி.

இடது கண் தேறாது. வலது கை மூன்று விரல் நசுங்கல். விலா இரண்டு. டாக்டர் சுருக்கமான மனிதர்.

கண் விழித்ததும் மாப்பிள்ளையின் முதல் கேள்வி: "பொட்டி?"

"சங்கத்துக்காரங்ககிட்ட இருக்குது."

"மேல எதையும் வெக்காம இருக்கோணுமே. காலு ஒடஞ்சு போயிரும்."

பள்ளிச் சுவரில் கரியால் 'கருங்காலி வாத்தியார்'. தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார்: குணமானாலும் விசாரணை முடியும்வரை வர வேண்டாம்.

மதியம் கம்பெனி மேனேஜர், ஆரஞ்சுப் பழத்தோடு. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வாத்தியார் நம்ம தாள்லதான எழுதியிருக்காரு. கம்பெனி வேலையா போனாருன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். கேஸ் கெட்டியா நிக்கும். ஆறு பேரு உள்ள போயிருவானுங்க. இவருக்கு ஆகறதையெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"அவர் பூச்சிக்குப் போனவர்."

"ஏனுங், அந்தத் தாளு எப்படி அவருகிட்டப் போச்சுன்னு நீங்க சொல்லப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

ராமாத்தாள் கதவோரம் நின்றிருக்கிறாள். பழப்பையை எடுத்து அவர் மார்பில் எறிந்தாள். "என்ற ஊட்டுக்காரரு ஆரு ஆளும் இல்லீங்." பழங்கள் வராந்தா முழுக்க உருண்டன. மேனேஜர் போனபின் என்னிடம், குரலைத் தாழ்த்தி: "தாளு ஆரு குடுத்ததுங்ணா?"

அவளுக்குத் தெரியும். தாள்கட்டை வாங்கி அலமாரியில் வைத்தவளே அவள்தான்.

சனி, நவ. 14

இரண்டு நாளாக மழை. எழுதியவை:
1. 'தவறான சந்தேகத்தில் ஆசிரியர் தாக்கப்பட்டார்.' கிழித்தேன். யார் தவறு?
2. 'கடிதத் தாள் இந்நிருபரால் வழங்கப்பட்டது.' கோவைக்கு டிரங்க் கால் போட்டுப் படித்துக் காட்டினேன்.

பத்திரிகை ஆசிரியர்: "கம்பெனிகிட்டத் தாள் வாங்கினேன்னு நம்ம பேப்பர்லயே போடச் சொல்றீரா? இருபத்தாறு வருஷம் நீர் எழுதினதை எவன் நம்புவான்?"

"மாப்பிள்ளையை எவன் நம்புவான்?"

"அது உம்ம குடும்ப விஷயம்."

லைன் அறுந்தது. அல்லது வைத்துவிட்டார்.

போஸ்டர்: நாளை நான்கு மணிக்குச் சங்கப் பந்தலில் பொதுக்கூட்டம். உளவுப் பெட்டி மக்கள் முன் வைக்கப்படும்.

ஞாயிறு, நவ. 15

வெயில். சேறு.

தனியாகப் போகப் பார்த்தேன். ராமாத்தாள் கூடவே வந்தாள்.

மேடையில் பெட்டி, சணல் கட்டி அரக்கு முத்திரையோடு. சங்கச் செயலாளர் ஒழுங்கான மனிதர். சாட்சியம் என்று அன்றைக்கே முத்திரை வைத்து, யாரையும் தொட விடவில்லை. அறுத்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் படித்தார்: "மண்ணரைப் பள்ளம், காலை எட்டு, ஆண் நாலு, பெண் ஒண்ணு!" கூட்டம் உறுமியது. "வீரபாண்டி வாய்க்கால், காலை ஒன்பது, ஆண் ஆறு, பெண் ரெண்டு!"

மேடை ஏறினேன். மைக் தரவில்லை. கத்தினேன். "அந்தத் தாள் என்னுடையது. மேனேஜர் கையால் வாங்கியவன் நான். அதை வாத்தியாருக்குக் கொடுத்தவனும் நான்."

முதலில் செருப்பு. அடுத்து கல், நெற்றியில். (தையல் மூன்று.) கீழே இழுத்தார்கள். விலாவில் மிதி. ராமாத்தாள் என்மேல் விழுந்து கிடந்தாள். அவள் முதுகிலும் இரண்டு.

"உடுங்கடா! ஆண் ஆறுன்னா, அது ஆருன்னு உள்ள எழுதியிருக்கும். பாத்துட்டு அடிங்க!"

சொன்னவள் முன்பல் மூன்று போன செக்கிங் பெண். பெயர் துளசி, இன்று சொன்னாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள். பெயர் தேடித்தான் பிரித்தாள். உள்ளே கறுத்த ஊசிகள், காய்ந்து, இறக்கையோடு.

"என்னது இது?"

"தட்டானுங்" என்றாள் தங்கை, தரையிலிருந்தே.

துளசி எண்ணினாள். சத்தமாக. எட்டு. மடிப்பின்மேல் ஆறும் இரண்டும்.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. "இன்னொண்ணப் பிரி." பிரித்தார்கள். "அதையும் பிரி." நம்பாதவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். செயலாளர் ஒருவரையும் தடுக்கவில்லை. நாற்பத்தொன்றும் பிரிந்தன. உள்ளங்கையில் கொட்டி எண்ணினார்கள், ஊதிப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தார்கள். எட்டு வருடம். நான் தரையில் கிடந்தபடி "மெதுவா, மெதுவா" என்றேன். காதில் விழவில்லை, அல்லது என்னை மெதுவாக அடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வலைக்கம்பை முறித்தவன் என்று தோட்டக்காரர் சொன்ன ஆள், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் போட்டு, துளசி கொண்டுவந்து கொடுத்தாள். "வாத்தியாருகிட்டச் சொல்லுங்க, ஒண்ணு விடாம எடுத்து வெச்சுட்டோம்னு."

திங்கள், நவ. 16

நெற்றி வீக்கம். பள்ளிச் சுவரை யாரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் நேரில் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

கோவையிலிருந்து தந்தி: உடனே புறப்பட்டு வரவும். இனி அங்கே எனக்கு மேஜை இருக்காது. வியாழனன்று போகிறேன்.

பெட்டியை இன்னும் கொடுக்கவில்லை.

செவ்வாய், நவ. 17

காலை இன்ஸ்பெக்டர். ஆறு பெயர் எழுதிய தாளைப் படித்தார். இவர்கள்தானே? மாப்பிள்ளை: "நான் புல்லெப் பாத்துட்டு இருந்தனுங். மூஞ்சியப் பாக்குல." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் போனதும் பெட்டியை மடியில் வைத்தேன். இடது கையால் மூடியைத் திறந்தார். ராமாத்தாள் இழைக் கண்ணாடியை வலது கண்ணில் பிடித்தாள்.

ஒவ்வொரு தாளாக விலக்கிப் பார்த்தார்.

அடியில் மிளகாய்த் தூள் போல ஒரு படிவு. கால்கள். தலைகள். எது எதனுடையது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மேலே இறக்கைகள், ஒன்றுகூடக் கிழியாமல்.

"கல்லுல இருக்கறாப்புடியே வந்திருச்சு" என்றார்.

நான் செய்தது என்றேன். அடுத்த மழைக்கு நானே பிடித்துத் தருகிறேன் என்றேன். நல்ல கையால், பிரித்த ஒரு தாளிலேயே ஒட்டியிருந்த நாலு இறக்கையை எடுத்து நீட்டினார்.

"மடிங்க மச்சான். உங்க தாள்ல."

என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்தேன். முக்கோணமாக மடிக்க ராமாத்தாள் காட்டிக்கொடுத்தாள்.

"எழுதுங்க. வீரபாண்டி வாய்க்கால். காலை பதினொண்ணு. ஆண் ஒண்ணு. காலு இல்ல. தலை இல்ல. ரெக்கை நாலு, முழுசு."

எழுதினேன்.

"குடும்பம்?"

"அந்த எடத்தெ வெறுமனே உடுங்க."