ஐந்து அறைகளைத் துடைக்க ஓர் ஆள்

அறுகம்பே
2024.07.02

அன்பின் றுஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மகள் அஸ்னாவும் மாமாவும் மாமியும் நலமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நம் கதை உடனே சண்டையில் போய் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஓர் உதவி வேண்டும்.

நான் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் ஐந்து அறைகள். வெள்ளைக்காரர்கள் வரும் சீசன் தொடங்கிவிட்டது. கூட்டித் துடைத்து விரிப்பு மாற்ற நம்பிக்கையான ஒரு பெண் இல்லை. இங்கே கிடைப்பவர்கள் இன்று வந்தால் நாளை பெரிய ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள். நம் ஊரில் யாரையாவது பார்த்து அனுப்பு. இரவில் தங்கப் பொத்துவில் ஊருக்குள் நல்ல குடும்பம் ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில் ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன், திங்கட்கிழமை திரும்பி வந்தால் போதும். நம் கடிதமும் அவர் கையிலேயே போய் வரும்.

இடத்துக்காரர் ஐந்து வருடக் குத்தகைக்கு எழுதச் சொல்கிறார். நல்ல ஆள் கிடைத்தால் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். கோபிக்காதே. உன் வாப்பா உனக்குக் கட்டித் தந்த வீட்டில் பன்னிரண்டு வருடமும் மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டேன். பல்ப் மாற்ற ஏணியில் ஏறினாலும், "மாப்பிள்ள, நீங்க இறங்குங்க, ஆள் வருவான்" என்று மாமா ஓடி வருவார். இங்கே ஏறுவதும் நான்தான், விழுந்தால் எழும்புவதும் நான்தான்.

இப்படிக்கு,
பஸால்


மருதமுனை
2024.07.07

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வீட்டை விட்டுப் போன பிறகு மனைவிக்கு எழுதும் முதல் கடிதம், அதுவும் வேலைக்கு ஆள் கேட்டு! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

இதைக் கொண்டு வருபவர் சுபைறா ராத்தா. கொஞ்சம் வெட்கம் கூடினவர். மற்றப்படி குறை இல்லை.

வாப்பா எங்கே என்று யாராவது கேட்டால் அஸ்னா என்ன சொல்கிறாள் தெரியுமா? "வாப்பா வெள்ளக்காரங்கட நாட்டுக்குப் போயிட்டாரு." பொத்துவில் பஸ்ஸில் போய் வரக்கூடிய நாடு! ஐந்து வருடத்தில் அவள் சாதாரண தரப் பரீட்சையே எழுதி முடித்துவிடுவாள். பேனையைத் திறக்க முன் இதையும் யோசியுங்கள்.

உங்கள்,
றுஸ்தா


அறுகம்பே
2024.07.11

அன்பின் றுஸ்தாவுக்கு,

சுபைறா ராத்தாவைத் திருப்பி அனுப்புகிறேன். வெட்கம் கூடினவர் என்று எழுதினாய், எவ்வளவு என்று எழுதவில்லையே! அறைக் கதவைத் தட்டுவார். அரைக்காற்சட்டையோடு யாராவது திறந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவார். இங்கே முழுக்காற்சட்டை போடுகிறவன் நான் ஒருவன்தான். வந்த நாள் முதல் முற்றத்து மணலைத்தான் கூட்டினார். கடற்கரையில் மணலைக் கூட்டி முடிக்க முடியுமா?

வேறு ஆள் பார். அஸ்னா சொன்னதை நினைத்தால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடக்கிறேன், பஸ் வந்ததும் திரும்பி நடக்கிறேன்.

பஸால்


மருதமுனை
2024.07.14

அன்பின் மச்சானுக்கு,

இம்முறை ஸகியா ராத்தா. சுத்தம் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். மார்க்கப் பேணுதலும் உண்டு. யாரைக் கண்டும் ஓட மாட்டார்.

இடத்துக்காரர் இன்னும் அவசரப்படுத்துகிறாரா? அந்த மனுசனுக்கு அப்படி என்ன அவசரம்?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும்போது சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சோக்கட்டி தேடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

றுஸ்தா


அறுகம்பே
2024.07.18

அன்பின் றுஸ்தாவுக்கு,

நடந்ததைக் கேள். ஜெர்மன்காரி ஒருத்தி கடற்கரை நாயொன்றை அறைக்குள் தூக்கி வந்து கொஞ்சியிருக்கிறாள். நாய் நிலத்தை நக்கியதை ஸகியா ராத்தா கண்டுவிட்டார். நஜீஸ் பட்டு அறை அசுத்தமாகிவிட்டது என்று, மார்க்கத்தில் சொன்னபடி ஏழு தரம் கழுவத் தொடங்கினார், அதில் ஒரு தரம் மண் கரைத்து. நாய் நக்கிய இடத்தை மட்டும் கழுவியிருந்தால் தப்பியிருப்பேன். எங்கெங்கே நக்கியதோ என்று முழு அறைக்கும் மண் கரைத்து ஊற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவள் கடலில் குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள். கட்டிலுக்கடியிலும் சேறு. "கோவிக்காதீங்க மகள், இப்பதான் சுத்தமாகிட்டு வருகுது" என்று ராத்தா தமிழிலேயே விளக்கம் கொடுத்தார். அவள் போனை எடுத்துப் படம் பிடித்து, என் இடத்தின் பெயரோடு உலகத்துக்கே காட்டிவிட்டாள்.

ராத்தா செய்தது பிழை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டு நின்ற ஜெர்மன்காரியிடமும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நடுவில் நின்றேன்.

இடத்துக்காரர் இந்த மாதக் கடைசியில் தாள்களோடு வருகிறார். உருப்படியான ஓர் ஆளை அனுப்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

பஸால்


மருதமுனை
2024.07.19

அன்பின் மச்சானுக்கு,

ஸகியா ராத்தா சொன்ன கதையில் நீங்கள்தான் குற்றவாளி, நாய் அல்ல. சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் வீடு பழையபடி அமைதியாகிவிட்டது.

நாளை மறுநாள் ஆசிரியர் பயிற்சிக்காக அக்கரைப்பற்றுக்குப் போகிறேன். ஒரு கிழமை அங்கே என் சொந்த ராத்தா வீட்டில்தான் தங்குவேன். அதுவரை ஆள் தேட வழியில்லை, இதையும் தபாலில்தான் போடுகிறேன். பொறுங்கள். அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதீர்கள்.

றுஸ்தா


அறுகம்பே
2024.07.25

அன்பின் றுஸ்தாவுக்கு,

நீ இல்லாத நேரம் மாமி ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். "மாப்பிள்ளைட இடத்துக்குப் போற ஆள் ஊர்லயே முதலாம் ஆளா இரிக்கணும்" என்று வீடு வீடாக விசாரித்து ஸுலைஹா ராத்தாவைப் பிடித்தாராம்.

முதலாம் ஆள்தான். வெள்ளைக்காரர்கள் கடலுக்குப் போகும் நேரத்தைப் பார்த்து அறைக்குள் போகிறார். நாயைக் கண்டால் வாசலிலேயே விளக்குமாற்றைக் காட்டுகிறார், அது ஓடிவிடுகிறது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கையெழுத்துப் போட நான் சொன்ன ஒரே தடங்கலும் தீர்ந்துவிட்டது. சந்தோசப்பட வேண்டியவன் சாப்பிடாமல் இருக்கிறேன்.

நேற்று ராத்தா சொன்னார்: "தம்பி, நான் முந்தியே றுஸ்தா டீச்சர்ட்டப் போய்க் கேட்டனான். வேலை இல்ல எண்டு திருப்பிட்டாவே. பொறகு ஸகியாவ எப்பிடி அனுப்பினா?"

எனக்கு விளங்கிவிட்டது, றுஸ்தா. ஓடக்கூடியவராகவும் ஊற்றக்கூடியவராகவும் பார்த்துத்தான் நீ அனுப்பியிருக்கிறாய். எனக்குக் கோபம் வரவில்லை. பொத்துவிலில் கேட்டால் ஆள் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே நானும் உன்னிடம் கேட்டேன். கேட்காவிட்டால் உனக்கு எதை எழுதுவது?

திங்கட்கிழமை இடத்துக்காரர் வருகிறார். வேண்டாம் என்று நினைத்தால் உன் வாயால் சொல். ஆள் அனுப்பிச் சொல்லாதே.

பஸால்


மருதமுனை
2024.07.28

மச்சான்,

சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் உம்மாவோடு சண்டை பிடித்தேன். "உங்கட மரியாததான் அவர வீட்ட விட்டு அனுப்பிச்சு. இப்ப நல்ல ஆளும் புடிச்சிக் குடுத்து அங்கயே இருத்தப் போறீங்க" என்றேன். உம்மாவின் முகம் சுருங்கிப் போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு மரியாத குடுக்காம வேற என்னத்த புள்ள குடுக்கிற?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே வெளியேறிவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஸுலைஹா ராத்தாவை மறித்துவிட்டேன். நாளை அவர் வர மாட்டார். இனி யாரையும் அனுப்பவும் மாட்டேன். இதைக் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன், இன்றே கையில் கிடைக்க வேண்டும். உங்கள் அறைகள் சுத்தமாக இருந்தாலும் அழுக்காக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு நீங்கள் வேண்டும்.

றுஸ்தா


அறுகம்பே
2024.07.30

அன்பின் றுஸ்தாவுக்கு,

நேற்று ஐந்து அறைகளையும் நானே கூட்டித் துடைத்தேன். பத்து மணிக்கு இடத்துக்காரர் வந்தார். "அஞ்சு வருசத்துக்கு ஏலாது, என்ட்ட ஆள் இல்ல" என்றேன். "பொத்துவில்ல இல்லாத ஆளா?" என்று சிரித்தார். "எனக்கு வேண்டிய ஆள் மருதமுனையிலதான் இரிக்கி" என்றேன். மனுசன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார். ஏற்றுக்கொண்ட வேலை, இந்த சீசன் முடியும்வரை பார்க்கத்தான் வேண்டும். அதுவரை வியாழக்கிழமை தோறும் வருவேன். பிறகு வந்தே விடுவேன்.

மாமி கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், நீ சொல்லிவிடு. நான் வரும்போது மண்டபத்துக் கதிரைக்குப் புது விரிப்புப் போட வேண்டாம். தேத்தண்ணியைத் தட்டில் வைத்து அஸ்னாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். பக்கத்து ஒழுங்கையால் வந்து குசினிக் கதவைத் தட்டுவேன். மாமி உள்ளே இருந்தால் என்னைக் கண்டு எழும்பிப் போக வேண்டாம். எனக்கும் ஒரு பலகையை எடுத்துப் போடட்டும். வெங்காயத்தைத் தந்தால் உரித்துக்கொண்டிருப்பேன்.

பஸால்