ஒளிக்கு வந்த நிறை

தோழிக்கு,

எதிரெதிரே வைத்த இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட ஒளி, நிறையுள்ள துகளைப் போல நடந்துகொள்ளும். ரவாங்கிலிருந்து தினமும் உன்னோடு ரயிலேறி வந்து, நம் ஆய்வகத்தில் அந்த நிறையை அளந்தவள் நான். அதைப் பற்றி நீ எழுதிய ஆய்வுக் கட்டுரையில் என் பெயரை விட்டுவிட்டாய். கேட்டதற்கு, "நீ வெறும் மெஷர்மெண்ட்தானே எடுத்தே, விடு லா" என்றாய்.

கண்ணாடிகளின் இடைவெளி குறைந்தால் நிறை கூடும். அந்த இடைவெளியை நான் நோட்டில் தவறாகக் குறித்திருந்தேன். நீ சரிபார்க்கவே இல்லை. கட்டுரை வெளிவந்த வாரமே அந்தத் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அந்தக் கட்டுரைக்காக உனக்கு விருது கொடுத்த அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

மறுநாள் காலை இதழாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கட்டுரையை நீக்கப்போகிறார்களாம். அதில் உன் பெயர் மட்டும் இருப்பதற்கு மிகவும் நன்றி.

புக்கிட் செந்தோசாவிலிருந்து,
நான்